மூளைக்குள் ஒரு லயம்

"ஸ்கேன் மெஷின் மூளையில இருக்குற தண்ணியத்தான் பாக்குது சார். நரம்பு ஓடுற பக்கமா தண்ணி சுலபமா பரவும், குறுக்கே பரவாது. அத வச்சு கணக்குப் போட்டு நரம்ப வரைஞ்சிருக்கோம்."

ஜொகூர் பாருவில் டாக்டரம்மா என் மூளையைத் திரையில் காட்டினார். கட்டியை ஒட்டி நீலக் கோடாக ஓடியது வலது கைக்கான நரம்பு. நான் எழுதாவிட்டால் தமிழுக்கு நஷ்டமில்லை. சட்டைப் பொத்தான் போட அந்தக் கை வேண்டும்.

ஆக, நரம்பை யாரும் பார்க்கவில்லை. ஊகம்தான்.

பாலோ தோட்டத்து லயத்தில் என் அத்தையும் இப்படித்தான். லயம் என்றால் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்; சுவர்கள் கூரையைத் தொடாது. குழம்பு வாசம் அந்த இடைவெளி வழியே வரிசையோடு ஓடும், எதிர் வரிசைக்குத் தாண்டாது. அத்தை மூக்கை நிமிர்த்தி எந்த வீட்டில் என்ன குழம்பு என்று சொல்லிவிடுவார். அவருடைய கோழி காணாமல்போன ஞாயிற்றுக்கிழமை, கோழிக்குழம்பு மணத்தது.

"பக்கத்து வீட்டுச் செல்லம்மாதான்."

"வந்து சட்டியப் பாருங்கக்கா, வெறும் கீரை லா," என்றார் செல்லம்மா.

அத்தை பார்க்கவில்லை. எங்கள் வரிசையின் முனையில் இன்னொரு வரிசை குறுக்கே ஒட்டியிருந்ததையும், வாசம் அங்கிருந்து வளைந்து வரும் என்பதையும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை. சாயங்காலம் கோழி தானே நடந்து வந்தது. செல்லம்மாவின் பேச்சுதான் திரும்பி வரவில்லை.

"ரெண்டு நரம்பு குறுக்க போனா?" என்றேன்.

"அங்க இந்தக் கணக்கு குழம்பும். அதான் ஆபரேஷன்ல உங்கள எழுப்பி, விரல அசைக்கச் சொல்லிப் பாத்துட்டுத்தான் வெட்டுவோம்."

"அப்ப படத்த நீங்களே நம்பலையா?"

"முழுசா நம்ப மாட்டேன் சார்."

அதற்குப் பிறகுதான் சம்மதம் சொன்னேன்.