அட்மின் மட்டும் பேசலாம்

எங்கள் உப்பளத்துக்கென்று போனில் முதன்முதலாக ஒரு குரூப் ஆரம்பித்தவன் நான். மரக்காணத்தில் அளத்து வேலைக்குப் போகிறவர்களில் பத்தாவது முடித்தவர்கள் குறைவு. எங்கள் கூட்டத்தில் தமிழைத் தப்பில்லாமல் தட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். நாளைக்கு எந்தப் பக்கம் உப்பு வாருகிறார்கள், எத்தனை மணிக்கு வரவேண்டும், லாரி உண்டா இல்லையா என்று மேஸ்திரியிடம் கேட்டுவந்து சாயங்காலம் எழுதிப் போடுவேன். வேலை இல்லாத நாளில் விடியற்காலையில் நடந்துவந்து வெறும் கையோடு திரும்பும் அலைச்சல் எல்லோருக்கும் மிச்சமாயிற்று.

எழுதுவதில் எனக்கு ஒரு மயக்கம் உண்டு. ‘அன்புடையீர்’ என்று தொடங்கி ‘இவண், அட்மின்’ என்று முடிப்பேன். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்தால் யார் யார் படித்தார்கள் என்று காட்டும். அதைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன்.

அவளைக் குரூப்பில் சேர்த்ததும் நான்தான். அடுத்த தெருவுக்கு வாழவந்தவள், முப்பது வயதிருக்கும். நாங்கள் வாரிக் கொடுக்கிற உப்பைக் கூடையில் சுமந்துபோய்க் கரையில் குவிக்கிற வேலை அவளுக்கு. என் மனைவியும் அதே வேலைதான் செய்தாள். புதிதாகச் சேர்ந்தவள் மூன்றாவது வகுப்போடு படிப்பை விட்டவள் என்பதால் அவளுக்குத் தட்ட வராது. சேர்ந்த மறுநாள் காலை ஐந்து மணிக்கு, பேசியே அனுப்பிவிட்டாள்.

“எல்லாருக்கும் வணக்கம். காத்து கெழக்கால திரும்பிக்கினு இருக்குது, பாத்து வாங்க. நேத்து என் சும்மாட்ட எவளோ எடுத்துக்கினு பூட்டா. நல்லா இருடி தாயே. ஆனா துவச்சுக் குடுத்துடு.”

நானும் சிரித்தேன். பிறகு எத்தனை பேர் கேட்டார்கள் என்று பார்த்தேன். எல்லோரும் கேட்டிருந்தார்கள். மாதக்கணக்கில் என் அறிவிப்பைத் திறந்தே பார்க்காதவர்களின் பெயர்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. எனக்குச் சிரிப்பு நின்றுபோனது.

அதற்கப்புறம் தினமும் அவள் குரல்தான். அளத்தில் நின்றால், “இன்னிக்கி அவ பேசுனத கேட்டியா?” என்பார்கள். நீ எழுதியதைப் படித்தேன் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. என் வீட்டு அடுப்படியிலும் அவள் குரல் கேட்டது.

“நான் போட்டத படிச்சியா?” என்று மனைவியிடம் கேட்டேன்.

“நீங்கதான் நேர்லயே சொல்லிட்டீங்களே. அப்புறம் இன்னாத்துக்குப் படிக்கணும்?”

பேசி அனுப்புவது ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது என்று சட்டம் போட்டேன். ஒரு நிமிடம் ஒரு நிமிடமாக மூன்று அனுப்பினாள். மூன்றாவதில், “அட்மின் அண்ணன் கோச்சிக்கப் போறாரு, நிறுத்திக்கிறேன்” என்று சொன்னாள். அதற்கு அறுபது பேர் சிரிக்கும் பொம்மை போட்டார்கள்.

கோடையில், அளத்தில் குடிக்க வைத்திருந்த டிரம் தண்ணீரில் டீசல் வாடை வந்தது. நானும் குடித்தேன், தொண்டை எரிந்தது. ‘குடிநீர் டிரம் குறித்து’ என்று எழுத ஆரம்பித்தேன். மேஸ்திரி காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று நினைத்து முழுவதையும் அழித்துவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவள் பேசியது வந்தது.

“யக்கா, யண்ணா, அந்த டிரம்முல தண்ணி குடிக்காதீங்க. போன வாரம் அதுலதான் மோட்டாருக்கு டீசல் இருந்துச்சு, நான் கண்ணால பாத்தேன். மேஸ்திரி வூட்ல இந்தத் தண்ணியக் குடிப்பாங்களா? நாளைலருந்து ஆளுக்கு ஒரு பாட்டில் எடுத்தாந்துடுங்க.”

உப்புக் குவியலின் நிழலில் உட்கார்ந்து அதைக் கேட்டேன். சுற்றிலும் ஒவ்வொரு போனிலும் அதே குரல். ஒரு கிழவர், “பொம்பளைக்கு இருக்குற தைரியம் இங்க எவனுக்கு இருக்குது?” என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குக் காது சுட்டது. நான் எழுதி அழித்ததை அவள் பேசிவிட்டாள்.

மேஸ்திரியைக் குரூப்பில் சேர்ப்பதில்லை என்று முதல் நாளே எல்லோரும் பேசிவைத்திருந்தோம். அன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவள் பேசியதை அவர் நம்பருக்கு நானே அனுப்பினேன். ‘அண்ணே, கவனிக்கவும்’ என்று கீழே எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பயம் பிடித்துக்கொண்டு அழித்தேன். ஆனால் அதற்குள் டிக் நீலமாகியிருந்தது.

மறுநாள் காலையில் மேஸ்திரி அவளைக் கூப்பிட்டார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். நான் அழிப்பதற்குள் திரையில் ஓடியதை அப்படியே வீடியோவாக எடுத்து வைத்திருக்கிறார். அவள் குரலே பாத்திகளுக்கு மேல் கேட்டது.

“தண்ணி நல்லா இருக்குற எடமாப் பாத்து வேலைக்குப் போம்மா” என்றார்.

உப்பு வாரும் பலகையோடு பத்தடி தள்ளி நின்றிருந்தேன். அவள் கூடையைக் கீழே வைத்தாள், சும்மாட்டுத் துணியை உதறி இடுப்பில் சொருகிக்கொண்டாள், வரப்பின்மேல் நடந்து போய்விட்டாள்.

யார் போட்டுக்கொடுத்தது என்று குரூப்பில் ஒருவரையொருவர் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள். ‘அனைவரின் பாதுகாப்பு கருதி இனி அட்மின் மட்டுமே செய்தி அனுப்ப இயலும்’ என்று எழுதி, எல்லோர் வாயையும் ஒரே அழுத்தில் அடைத்தேன். சந்தோஷமாக இருந்தது என்பதை மறைப்பானேன்? ஒரு வாரம் பெரிது பெரிதாக எழுதினேன். படித்தவர்கள் எண்ணிக்கை நாளுக்கு நாள் குறைந்தது. கடைசியில் ஒன்பது பேர்.

ஒருநாள் காலை அடுப்படியில் அவள் குரல் மறுபடியும் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். மனைவி போனை அணைத்தாள்.

“எந்த குரூப்பு?”

“பொம்பளைங்க மட்டும். அவ ஆரம்பிச்சு ஒரு வாரமாவுது.”

“எங்கிட்ட சொல்லவே இல்ல?”

“உங்க குரூப்புலதான் யாரும் வாயத் தொறக்க முடியாதே. எங்க சொல்றது?”

அன்று மனைவி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது அவள் போனை எடுத்தேன். பூட்டைத் திறக்கும் கோடு எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகக் கேட்டேன். யாருக்கோ காய்ச்சல், யாருக்கோ பெண் பார்க்கிறார்கள், எந்த அளத்தில் பாத்ரூம் கட்டியிருக்கிறார்கள். ஒருத்தி, “யாரு அனுப்பினான்னு தெரிஞ்சா சொல்லுடி, கிழிச்சிடலாம்” என்று கேட்டிருந்தாள். அதற்குக் குரூப்பை ஆரம்பித்தவள் சொன்ன பதில்: “எனக்குத் தெரியும். ஆனா உட்டுடுங்க. அவங்க வூட்டுலயும் புள்ளைங்க இருக்குது.”

மனைவி வருகிற சத்தம் கேட்டு போனை இருந்த இடத்தில் வைத்தேன். எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் எனக்கு இரண்டு பிள்ளைகள்.

வேலை போன அவள் அப்போது ஆரோவில் பக்கம் ஒரு விடுதியில் அறை பெருக்கித் துடைக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மறுநாள் காலை ஈசிஆர் பஸ் ஸ்டாப்பில் நின்றவளிடம் போனேன்.

“அந்த டிரம் விஷயத்த மேஸ்திரிக்கு அனுப்பினது நான்தாம்மா.”

“தெரியும்ணா. அவரு போன காட்டுனாரே, அதுல மேல உங்க போட்டோ இருந்துச்சு.”

“அன்னிக்கே ஏன் சொல்லல?”

“சொன்னா உங்க வூட்டு அக்கா எப்புடி எங்க கூட உக்காந்து சோறு துன்னும்?” என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். “ஏன்ணா அனுப்பினீங்க? மேஸ்திரி மேல பயமா?”

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பயம் என்றால் மன்னித்துவிடுவாள் என்று தோன்றியது.

“பொறாம” என்றேன். “நீ பேசுனா எல்லாரும் கேக்குறாங்க.”

அவள் முகத்தில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம் தெரிந்தது. “இதுக்கா? எனக்கு எழுத வந்திருந்தா நான் ஏன்ணா தொண்ட கிழிய பேசப்போறேன்?” புதுச்சேரி பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

அன்றைக்கே குரூப்பை எல்லோருக்கும் திறந்துவிட்டேன். டிரம் விஷயத்தை அனுப்பியது நான்தான் என்று எழுதினேன். அன்புடையீரும் இல்லை, இவணும் இல்லை, மூன்று வரிகள்தான். இரண்டு பேர் திட்டினார்கள். நாற்பது பேருக்குமேல் பேசாமல் வெளியேறினார்கள். மனைவி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான் எழுதியதற்காக அல்ல, தன் போனை எடுத்ததற்காக. அதையும் அவளிடம் சொல்லியிருந்தேன். இப்போது அவள் பூட்டை மாற்றிவிட்டாள்.

பெண்கள் எல்லோரும் பாட்டிலோடு வந்ததால் மேஸ்திரி வேறு வழியின்றிப் புது டிரம் வாங்கி வைத்தார். விடுதி வேலைக்குப் போன அவள் அடுத்த பருவத்தில் வேறொரு முதலாளியின் அளத்துக்கு உப்புச் சுமக்க வந்தாள். வழியில் பார்த்தால், “இன்னாண்ணா” என்பாள், அவ்வளவுதான்.

பெண்கள் குரூப் இன்னும் நடக்கிறது. காலையில் மனைவி காதில் ஒயரை மாட்டிக்கொண்டு மாவு ஊற்றுவாள், திடீரென்று தோள் குலுங்கச் சிரிப்பாள். போன வாரம் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன்.

“இன்னா சொன்னா இன்னிக்கி?”

“அது எங்க குரூப்புல பேசுனதுங்க” என்றாள், தோசையைத் திருப்பிக்கொண்டே. அவள் கோபமாகச் சொல்லவில்லை. மறுபடியும் அவள் தோள் குலுங்கியது. அவள் சிரித்து முடிக்கிறவரை என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.