மூச்சு முட்டினா மேல ஏறு

எங்க வூட்டுக்காரரு வுடற கொறட்டையப் பத்தி திருவொற்றியூர்ல எங்க தெருவுக்கே தெரியும். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து முழங்கையால இடிச்சிகினே தூங்கறவ நான். ஃபேக்டரியில ஃபிட்டரா இருந்து ரிட்டயர் ஆன மனுசன், நெஞ்சுல அவ்ளோ புகை கீது.

பெரு நாட்டுல வேலை பாக்குற எங்க பொண்ணு, போன வருசம் எங்கள அங்க கூப்ட்டா. மலை காட்றேன், இன்கா ராஜாங்க கட்டின கோட்டை காட்றேன்னா. "டாக்டரைக் கேட்டியாய்யா?"ன்னு இவரைக் கேட்டேன். "அதெல்லாம் கேட்டாச்சு"ன்னாரு. எங்க கேட்டாரு? சுத்தப் பொய்.

குஸ்கோன்னு ஒரு மலை ஊருல எறங்கின மறுநாளே ஒரு டாக்சி புடிச்சுப் போனோம். கீழ பள்ளத்தாக்குல ஆறு ஒண்ணு நூலாட்டம் ஓடுது. மலையையே படிபடியா வெட்டி வயலாக்கி வெச்சிகிறாங்க. வண்டி மேல ஏறிப் போயி கோட்டை வாசல்ல நின்னுச்சு. இவரு நேரா செவுத்துக்கிட்ட போயி கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல நகத்த வுட்டுப் பாத்தாரு. "சிமெண்ட்டே கெடையாதுமே! ஒரு நூல் கேப் இல்ல, இன்னா வேலைடா டேய்!"ன்னு கொழந்தையாட்டம் தடவிகினே நின்னாரு.

பொண்ணு டிக்கெட் வாங்கப் போயிட்டா. கொஞ்ச நேரத்துல இவரு நெத்தியப் புடிச்சாரு. "தல வலிக்குது, மூச்சு முட்டுது. எங்கியோ கேஸ் லீக்காவுது"ன்னாரு.

எனக்கும் தல கனமாத்தான் இருந்துச்சு. எங்க ஏரியாவுல இதுக்கு யோசிக்கவே மாட்டோம். தல வலிச்சு மூச்சு முட்டுச்சுன்னா பக்கத்து கெமிக்கல் கம்பெனியில கேஸ் பைப்பு எதுவோ ஒடஞ்சிகீதுன்னு அர்த்தம். கேஸ் கனமானது, தரையோடதான் வரும்னு தெருவுக்கே சொல்லிக் குடுத்தது இவருதான். துணிய நனைச்சு மூக்குல கட்டிகினு மொட்டை மாடிக்கு ஓடுவோம்.

நாத்தமே இல்லியே, மலை மேல ஏதுடி கம்பெனின்னு ஒரு நிமிசம் நெனைச்சிருக்கலாம். நெனைக்கல. பாட்டில் தண்ணிய துண்டுல ஊத்தி அவரு மூக்குல கட்டினேன். எதிர்க்க செங்குத்தா கல்லுப் படி. "ஏறுய்யா, மேல ஏறு!"ன்னு முதுகுல கை வெச்சுத் தள்ளினேன். ஏற ஏற அவருக்கு இழுப்பு அதிகமாச்சு. நான் வுடல, இன்னும் தள்ளினேன். நாப்பது படி தாண்டி அப்படியே ஒக்காந்துட்டாரு. துண்ட எடுத்துப் பாத்தா ஒதடு நாவப்பழம் தின்னாப்ல கீது. பேச்சு வரல.

"யம்மா! மேல போகப் போகக் காத்து கம்மிம்மா! நைனாவ கீழ எறக்கு!"ன்னு பொண்ணு கத்திகினே ஓடியாந்தா. டாக்சி டிரைவரும் பின்னாடியே வந்தாரு. மூணு பேருமா தூக்கிகினு எறங்கினோம். பாவி, என் கையாலயே தள்ளினேனேன்னு அழுதுகினே எறங்கினேன்.

டிரைவரு வண்டியில ஆக்சிஜன் டப்பா வெச்சிருந்தாரு. அத இவரு மூக்குல வெச்சு, வளைவு வளைவா பள்ளத்தாக்குக்கு எறங்கினோம். எங்கூரு ஆத்தா வடிவுடையம்மாவ நான் கூப்பிட்ட கூப்பாடு அந்த மலைக்கே கேட்டிருக்கும். ஆறு பக்கத்துல வரும்போது ஒதட்டுல செவப்பு வந்துச்சு. டப்பாவ நகத்திட்டு என்னப் பாத்தாரு.

"நம்மூரு காத்துல எல்லாம் கீது. இங்க காத்தே இல்லமே"ன்னாரு.

"டாக்டரைக் கேட்டேன்னு பொய்யா சொன்ன? வூட்டுக்கு வா, வெச்சிக்கிறேன் உன்ன!"ன்னு திட்டினேன். திட்டத் திட்ட எனக்கு உசுரு திரும்பி வந்துச்சு. ஆஸ்பத்திரியில நல்லா சோதிச்சுப் பாத்துட்டு, இனிமே மேல ஏறாதீங்க, பயமில்லன்னு அனுப்பினாங்க.

பள்ளத்தாக்குலியே ரூம் போட்டு, அதே டாக்சியில கெளம்பினோம். டிரைவரு அவங்க ஊரு பாட்டு ஒண்ணு போட்டாரு. இவரு என் தோள்ல சாஞ்சு கண்ண மூடினாரு. கொஞ்ச நேரத்துல கெளம்பிச்சு பாரு கொறட்டை! டிரைவரு கண்ணாடியில பாத்து சிரிக்கிறாரு.

பொண்ணுக்கு மானம் போவுது. "யம்மா, நைனாவ ஒரு இடி இடியேன்"னா.

"கம்முனு கெட. டிரைவருகிட்ட சொல்லி முதல்ல அந்தப் பாட்ட நிறுத்து, கொறட்டை சரியா கேக்கல"ன்னேன்.