கூடத்து அத்தைக்குக் கிடைத்த நிதியுதவி

கூடத்து அத்தைக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுடைய வங்கிப் புத்தகத்தோடு சரி. தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கையை விரிப்பார்கள். கூடத்து அத்தை என்றால் நாய்கூட வழி காட்டும்.

தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துத் தைத்து முழங்கால் தேய்ந்தவள் அவள். கால் மடங்காது என்று தெரிந்ததும் கம்பெனி ஒரு கவரைக் கையில் திணித்து வழியனுப்பி வைத்தது. வீட்டுக்காரர் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். இருந்தது ஒரு மகன், ஒரு சமையலறை, ஒரு படுக்கையறை, வாசலை ஒட்டி ஒரு பெரிய கூடம். மகன் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவன். தொழிலைப் போலவே ஆளும் கொஞ்சம் கனம்தான். லேசில் அசைய மாட்டான்.

கூடத்தில் பிள்ளைகள் சேர்ந்தது யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. பழைய கம்பெனித் தோழி ஒருத்தி ஒரு சாயங்காலம் பையனைக் கொண்டுவந்து விட்டாள். "ஓவர்டைம் போட்டுட்டான்க்கா. ஒரு மணி நேரம் பாத்துக்கோ, ஓடி வந்துடறேன்" என்றாள். அந்த ஒரு மணி நேரம் பத்துப் பன்னிரண்டு வருஷமாக முடியவில்லை. பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேரே அத்தை வீட்டுக்குத்தான் வரும். கடையில் நிற்கிறவள், ஆபீஸ் பெருக்குகிறவள், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள் என்று அம்மாக்கள் ஒவ்வொருத்தியாக வேலை முடிந்து வந்து தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவாள். முடிந்தவள் ஏதாவது கொடுப்பாள். முடியாதவள் மறுநாள் ஒரு ரொட்டிப் பொட்டலம் வாங்கி வருவாள். அதைத்தான் எல்லாப் பிள்ளைகளும் பிய்த்துத் தின்னும்.

அத்தைக்குப் பாடம் சொல்லித்தரத் தெரியாது. அதட்டத் தெரியும். "டேய், மூக்குல இருந்து விரலை எடு. அங்க ஒண்ணும் புதையல் இல்ல" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால் நாலு பிள்ளைகள் ஒரே நேரத்தில் விரலை எடுக்கும். கூடத்துச் சுவரில் வரிசையாக ஆணி அடித்து, ஆணிக்கு ஒரு நிறத்தில் நூல் கட்டி வைத்திருந்தாள். வந்ததும் செருப்பைக் கழற்ற வேண்டும், அவரவர் ஆணியில் பையை மாட்ட வேண்டும். போகும்போது அம்மாதான் பையை எடுக்க வேண்டும். பிள்ளை தானாக எடுத்துக்கொண்டு கிளம்பக் கூடாது. கடைசி ஆணி காலியானால்தான் கூடத்து விளக்கு அணையும். பெரும்பாலும் அந்தக் கடைசி ஆணி சிவப்பு நூல் கட்டியது. ஆஸ்பத்திரிக்காரியின் பெண்ணுடையது. அம்மாக்காரிக்கு ஷிப்ட் முடிந்து வர எட்டு மணி ஆகும்.

அத்தைக்கு ஒரே ஒரு குறைதான். கக்கூஸ். அத்தனை பிள்ளைக்கும் கொல்லைப்புறத்தில் இருந்தது ஒன்று. அதற்கும் கதவு தொங்கிக்கொண்டிருந்தது. அவசரம் தாங்காத ஒரு பையன் எதிர்வீட்டுச் சுவரில் ஒண்ணுக்குப் போய், அந்த வீட்டுக்காரரிடம் அறை வாங்கிக்கொண்டு அழுதபடி வந்தான். அன்றைக்கு ராத்திரி அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகளுக்கென்று இன்னொரு கக்கூஸ் கட்டிவிட வேண்டும் என்று அவள் முடிவு செய்தது அப்போதுதான். மகனிடம் கேட்டாள். அவன் "ஊர்ப் பிள்ளைங்க ஒண்ணுக்குப் போறதுக்கு நான் கேன் தூக்கணுமா?" என்றான்.

இந்த இடத்தில்தான் நமூனா சார் வருகிறார். வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். காதலிக்குக் கடிதம் எழுதச் சொன்னாலும் மேலே 'பொருள்' என்று போட்டுத்தான் தொடங்குவார். அதனால் தெரு அவருக்கு நமூனா, அதாவது படிவம், என்று பெயர் வைத்தது. கெட்ட மனிதர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் பின்னால் அத்தைக்கு மனம்விட்டுத் திட்டவாவது வாய்த்திருக்கும்.

"ஒரு அறக்கட்டளை உள்ளூர்க் குழுக்களுக்குச் சின்ன சின்னதா நிதியுதவி தர்றாங்க அம்மா. நம்ம பிள்ளைங்களுக்குக் கேட்டா கட்டாயம் கிடைக்கும்" என்றார். ஒரு குழு வேண்டுமாம், ஐந்து பேர் வேண்டுமாம். சார் செயலாளர். மருந்துக்கடைக்காரர் தலைவர். இன்னும் இரண்டு பேர் ஒப்புக்குச் சப்பாணி. அத்தை உறுப்பினர். விண்ணப்பத்தைச் சார் கூடத்தில் உட்கார்ந்தே நிரப்பினார். பிள்ளைகள் அவரைச் சுற்றிக் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. ஒன்று அவர் முதுகில் ஏறிப் பார்த்தது.

ஒரு கேள்வியில் அவர் பேனா நின்றது. "இந்தப் பகுதியில் இதே சேவை தற்போது வழங்கப்படுகிறதா?" என்று வாசித்தார்.

"ஆமான்னு எழுதுங்க. அதான் நான் பாத்துக்கறேனே."

"ஆமான்னு எழுதினா அத்தோட கதை முடிஞ்சுது. ஏற்கனவே நடக்கிறதுக்கு அவங்க தர மாட்டாங்க. இல்லாத இடத்துக்குத்தான் தருவாங்க. இல்லைன்னுதான் போடணும்."

"அப்போ நான் இங்க பண்றது என்னது சார்?"

சார் தன்னைச் சுற்றி ஓடுகிற பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்தார். "அது அன்பு அம்மா. சேவைன்னா பதிவு இருக்கணும்" என்றார்.

அத்தைக்குக் கை கூசியது. ஆனாலும் கக்கூஸ் கண்ணுக்கு முன்னால் நின்றது. வெள்ளை ஓடு பதித்து, தாழ்ப்பாள் போட்டு, பிள்ளை எட்டித் திறக்கிற உயரத்தில் குழாய் வைத்து. 'இல்லை' என்று அவர் எழுதிய காகிதத்தில் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தாள்.

நிதி வந்தது. அதோடு விதிகளும் வந்தன. தனியார் வீட்டில் இந்தப் பணத்தைச் செலவழிக்கக் கூடாது. கட்டட வேலைக்கு இடமே இல்லை. ஆக, கக்கூஸ் போயிற்று. "கவலைப்படாதீங்க, சங்கத்து ரூம்ல ஏற்கனவே ஒண்ணு இருக்கே" என்றார் சார். மருந்துக்கடை மாடியில் இருந்த குடியிருப்போர் சங்கத்து அறை பிள்ளைகள் மையம் ஆனது. அங்கே கக்கூஸ் இருந்தது உண்மை. சாவி வாட்ச்மேனிடம் இருந்தது. வாட்ச்மேன் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுவார்.

திறப்பு விழாவுக்குப் பெரிய பேனர் கட்டினார்கள். பிள்ளைகளுக்கு அறக்கட்டளை பெயர் போட்ட மஞ்சள் பனியன். சிவப்பும் நீலமுமாகக் குட்டி நாற்காலிகள். வந்திருந்த விருந்தினர் ரிப்பனை வெட்டிவிட்டு மைக்கைப் பிடித்தார். நேற்று வரை இந்தப் பகுதிக் குழந்தைகளுக்கு நாதியில்லை என்றார். பள்ளி விட்டால் தெருவே கதி என்று கிடந்த பிஞ்சுகள் என்று சொல்லிக் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீழே உட்கார்ந்திருந்த அம்மாக்கள் திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தார்கள். அத்தை கை தட்டிக்கொண்டிருந்தாள். தட்டாமல் என்ன செய்வாள், அவளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த சேதிதானே அது?

பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளச் சாரின் மருமகளைப் போட்டார்கள். பட்டம் வாங்கியவர் வேண்டும் என்பது விதி. குழு உறுப்பினர் சம்பளம் வாங்கக் கூடாது என்பது இன்னொரு விதி. அத்தை இரண்டிலும் அடிபட்டாள். மருமகள் பாட்டுச் சொல்லிக் கொடுத்தாள், படம் வரைய வைத்தாள். குறை சொல்ல முடியாது. ஆனால் நாலு மணிக்குத் திறந்து ஆறு மணிக்குப் பூட்டுவாள். அவளுக்கும் வீடு இருக்கிறது. ஆறு மணிக்குப் பிள்ளைகள் மஞ்சள் பனியனோடு மாடிப்படி இறங்கி, பழைய வழக்கப்படி அத்தை கூடத்துக்கு வந்து ஆணியில் பையை மாட்டின. சரி, இதுவும் நல்லதுக்குத்தான் என்று அத்தை மனதைத் தேற்றிக்கொண்டாள். பாதி நேரம் கால் நீட்டி உட்காரலாமே.

அதுவும் பொறுக்கவில்லை. இரண்டாம் தவணைக்கு முன்னால் ஆய்வு உண்டு என்று சார் வியர்க்க விறுவிறுக்க வந்தார்.

"அறக்கட்டளையில இருந்து மேடம் வர்றாங்க. உறுப்பினர் ஒருத்தரை வீட்ல போய்ப் பாக்கணும்னு சொல்லியிருக்காங்க. உங்களுக்குத்தான் கால் முடியலை, வீட்லயே இருப்பீங்கன்னு யோசிக்காம உங்க பேரைக் கொடுத்துட்டேன். கூடத்துல பிள்ளைங்க இருந்துட்டா மோசம். ஏற்கனவே சேவை இருந்ததை மறைச்சிட்டோம்னு பணத்தைத் திருப்பிக் கேப்பாங்க. என் பென்ஷன்ல கை வெச்சிடுவாங்கம்மா. ஒரு நாள்தான். ஒரே ஒரு நாள்."

அன்றைக்கு ஒரு நாள் மட்டும் எப்படியாவது சமாளியுங்கள் என்று அம்மாக்களிடம் அத்தையே போய்ச் சொன்னாள். ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். ஓட்டைகளில் சோப்பைத் திணித்து, மேலே சுண்ணாம்பைப் பூசினாள். பிள்ளைகள் கிறுக்கி வைத்திருந்த சுவரும் பளிச்சென்று ஆனது. யாரோ புதிதாகக் குடிவரப் போகிற வீடு மாதிரி இருந்தது.

மேடம் வந்தபோது ஆறு மணி தாண்டிவிட்டது. நல்ல மாதிரியான பெண்தான். சார் கூடவே ஒட்டிக்கொண்டு வந்தார். மேடம் தேநீரை உறிஞ்சியபடி, "இந்த மையம் வர்றதுக்கு முன்னாடி பிள்ளைகளை யாரும் பார்த்துக்கலையாம்மா?" என்று கேட்டாள்.

"இல்லைங்க" என்றாள் அத்தை.

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரிக்காரியின் பெண். அவள் அம்மா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள், மையத்து மாடிப்படியிலேயே உட்கார்ந்திரு என்று. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எவ்வளவு நேரம் நினைவிருக்கும்? கால் பழகிய இடத்துக்கு வந்துவிட்டது. செருப்பை ஓரமாக வைத்துவிட்டு நேரே சுவருக்குப் போனது. பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்த்தது. வெறும் சுவரை விரலால் தடவிப் பார்த்தது.

"அத்தே, என் ஆணி எங்க?"

"யாரும்மா இந்தப் பொண்ணு?" என்றாள் மேடம்.

சார் முகம் வெளிறிப் போயிற்று. அத்தை அவரைப் பார்த்தாள், மேடத்தைப் பார்த்தாள். பிள்ளையை மட்டும் பார்க்கவில்லை.

"தெரியலைங்க. பக்கத்துத் தெருப் பிள்ளை போல. வீடு மாறி வந்திருக்கு."

பிள்ளை பையை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டது. வாசலுக்குப் போய் இடது வலது தெரியாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போயிற்று. மேடம் பிஸ்கட் எடுத்துக்கொண்டாள்.

அவர்கள் கிளம்பிப் போனதும் அத்தை கெட்ட காலை இழுத்துக்கொண்டு தெருக்கோடி வரை ஓடினாள். சங்கத்து மாடிப்படியில், விளக்கில்லாத இடத்தில் பிள்ளை உட்கார்ந்திருந்தது. அத்தை கூப்பிடக் கூப்பிட அசையவில்லை. அத்தையும் கீழ்ப்படியிலேயே உட்கார்ந்தாள். எட்டு மணிக்கு அம்மா வந்தாள். மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டாள். அத்தை, பிள்ளை சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். பிள்ளை சொல்லியிருக்க வேண்டும். மறுநாளிலிருந்து ஆஸ்பத்திரிக்காரி அந்தப் பக்கம் வரவில்லை.

ஒரு நாள் என்றது ஒரு நாளோடு போகவில்லை. இனி மாதாமாதம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்ப்பார்களாம். சார் கையெடுத்துக் கும்பிட்டார். கூடம் மூடியே கிடந்தது. மற்ற அம்மாக்களும் அக்கா வீடு, தெரிந்த கடை, மாடிப்படி என்று எங்கெங்கோ பிள்ளைகளை ஒதுக்கினார்கள். மகன் ஒரு காலையில் தண்ணீர் கேன்களைக் கொண்டுவந்து கூடத்தில் அடுக்கினான். "சும்மாதானே கெடக்கு" என்றான். அதைத்தானே அவள் மேடத்திடம் நிரூபித்துக் காட்டியிருந்தாள்.

வருஷம் முடிந்தது, நிதியும் முடிந்தது. அறக்கட்டளை பாராட்டி ஒரு கேடயம் அனுப்பியது. அது மருந்துக்கடையில் இருமல் மருந்துகளுக்கு நடுவே இருக்கிறது. மருமகளுக்கு வேறு இடத்தில் நல்ல வேலை கிடைத்தது. குட்டி நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அறையைப் பூட்டினார்கள். சங்கத்துக்காரர்கள் அங்கே இப்போது மாதக் கூட்டம் போடுகிறார்கள்.

ஆஸ்பத்திரிக்காரி மகளை உள்ளே விட்டு வெளியே பூட்டிக்கொண்டு வேலைக்குப் போகிறாள் என்று அத்தையின் காதில் விழுந்தது. அன்று சாயங்காலமே போனாள். கதவில் பூட்டுத் தொங்கியது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் பிள்ளை நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தது. கொஞ்சம் வளர்ந்திருந்தது. அந்த மஞ்சள் பனியன் வெளுத்து, வயிற்றுக்கு மேலே ஏறியிருந்தது.

"கண்ணு, அத்தை வந்திருக்கேன்டி. பயமா இருக்கா? அம்மா வர்ற வரைக்கும் நான் இங்கயே நிக்கவா?"

பிள்ளை மென்றதை விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னது. "தெரியாதவங்ககிட்டப் பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க."

ஜன்னல் கதவைச் சாத்திக்கொண்டது. அத்தை இருட்டும் வரை அங்கேயே நின்றாள். உள்ளே விளக்குப் போடுகிற சத்தம் கேட்டது. கை எட்டாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறியிருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் நமூனா சார் வந்தார். உட்கார இடமில்லாமல் கேன்களுக்கு நடுவே நின்றார். வேறொரு அறக்கட்டளையாம், இதைவிடப் பெரியதாம். இந்த முறை கட்டட வேலைக்கும் கொடுப்பார்களாம். கக்கூஸ்கூடக் கட்டலாம் என்றார். கேன் ஒன்றின் மேலே காகிதத்தை விரித்து நிரப்பிக்கொண்டே வந்தவர், பழைய இடத்தில் நின்று தலையைச் சொறிந்தார். கேள்வியை வாசிக்கவே அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"இந்தப் பகுதியில் இதே சேவை..."

"இல்லைன்னு எழுதுங்க சார்" என்றாள் அத்தை. பேனாவை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "போன தடவைதான் எனக்குக் கை கூசுச்சு. இப்ப கூசாது."