குளச்சல் திருவிழாவில் நான் தோற்கும் படம்

போன டிசம்பரில் குளச்சல் போய் வந்தேன். நாகர்கோவில் குங்ஃபூ மன்றத்துக்கும் குளச்சல் மன்றத்துக்கும் ஒரு காலத்தில் இருந்த பகையை உள்ளூர் இளைஞர்கள் நாற்பது நிமிடப் படமாக எடுத்திருப்பதாகவும், கடற்கரைக் கோயில் திருவிழாவில் திரையிடுவதாகவும் வாட்ஸ்அப்பில் செய்தி வந்திருந்தது. அந்தப் பகையில் நாகர்கோவில் பக்கம் நின்றவன் நான். குளச்சல் பக்கம் மரியதாசன்.

கடைசிப் போட்டியில், மணி அடிப்பதற்குச் சற்று முன் நான் விட்ட உதை அவன் நெஞ்சில் பட்டது. நடுவர் குளச்சல்காரர்; படவில்லை என்றார். மரியதாசனும் படவில்லை என்றான். கோப்பை அவனுக்குப் போனது. அன்றோடு பேச்சும் நின்றது. முப்பது வருடத்துக்கு மேலாகிறது. படத்திலும் அதே பொய்யைக் காட்டினால் எழுந்து நின்று உண்மையைச் சொல்வது என்று முடிவு செய்துதான் மதுரையில் பேருந்து ஏறினேன்.

நாகர்கோவில் வரை ஐந்து மணி நேரம். அங்கிருந்து இராஜாக்கமங்கலம் வழியாகப் போகும் பேருந்தைப் பிடியுங்கள். ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரம் ஆகும். இடது பக்க ஜன்னலோரம் கிடைத்தால் தென்னைகளுக்கு நடுவே கடல் அவ்வப்போது தெரியும். எனக்குக் கிடைக்கவில்லை.

குளச்சலில் இறங்கி ஆட்டோ கேட்டேன்.

“அறுபது தாங்க சாரே. படம் பாக்கவா? இன்னைக்கு நாரோயிலுகாரனுக்கு நல்ல அடி உண்டு.”

“நானும் நாகர்கோவில்தான்.”

“அப்போ முன்னால இருக்காதீங்க சாரே. பயலுவ கூவுவானுவ.”

ஏழு மணிக்குத் தொடங்கியது. அனுமதி இலவசம். பிளாஸ்டிக் நாற்காலிகள் ஆறரைக்கே நிரம்பிவிடும், பிந்தினால் மணல்தான்.

மரியதாசனாக, வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவன் நடித்திருந்தான். என் வேடத்தில் வந்தவனை முதலில் முதுகுப் பக்கமாகக் காட்டினார்கள். இடது தோள் சற்று இறங்கிய நடை. சண்டைக்கு முன் கட்டைவிரலால் மூக்கைத் துடைக்கும் என் பழைய வழக்கம். அவன் திரும்பினான். தலைக்குச் சாயம் அடித்த நிஜ மரியதாசன்.

கூட்டம் முதலில் அவனைப் பார்த்துக் கூவியது. கடைசிக் காட்சியில் அவன் கால் எழும்பி எதிராளியின் நெஞ்சில் தெளிவாக விழுந்தது. அந்த இளைஞன் மணலில் சாய்ந்தான். அடுத்த காட்சியில் நடுவர், சாய்ந்தவனின் கையைத் தூக்கினார். எனக்குப் பின்னால் ஒரு பெண் கேட்டாள்: “ஏட்டி, அவன்தானே விழுந்தான்? அவனுக்க கைய எதுக்குத் தூக்குதான்?”

படம் முடிந்ததும் மரியதாசன் என்னைக் கண்டுபிடித்து வந்தான்.

“மக்கா, வந்தியா?”

“எனக்க வேசத்த நீ எதுக்குலே போட்ட?”

“வேற எவனும் வரமாட்டேன்னுட்டான். தோத்தவன்னு ஒரு வட்டப்பேரு விழுந்தா பேரப்பிள்ள வரைக்கும் போவும்லா.”

உண்மைதான். அந்தக் கரையில் ஒட்டிய பட்டப்பெயர் சொந்தப் பெயரையே அழித்துவிடும்.

“நான் விட்ட உதை படத்துல உள்ள அளவு பெலமா இல்ல,” என்றேன்.

“ஒனக்கு எப்பிடிலே தெரியும்? வாங்குனவன் நான்லா.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லியிருக்கணும். இப்போ மேடைக்கு வா, மைக்ல சொல்லுதேன்.”

மைக்கில் சொன்னால் மறுநாள் காலை மீன் ஏலம் முடிவதற்குள் அவன் வீட்டுக்கே ‘கள்ளக் குங்ஃபூ’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். இத்தனை வருடம் நான் விரும்பியது ஏறக்குறைய அதைத்தான்.

“வேண்டாம். பஸ்ஸுக்கு நேரமாச்சு,” என்றேன்.

போகிறவர்களுக்கு: நாகர்கோவிலில் அறை எடுங்கள். திரும்பும் பேருந்தை நடத்துநரிடம் முதலிலேயே கேட்டு வையுங்கள். காலையில் மீன் ஏலம் பார்க்கத்தக்கது. பழைய கணக்கைத் தீர்க்கப் போகிறவர்கள், தீர்ந்த பிறகு என்ன செய்வது என்றும் யோசித்துவிட்டுப் போங்கள். நான் யோசிக்கவில்லை.

பேருந்து நிறுத்தம் வரை மைக் கேட்டது. சிறந்த நடிகருக்கான கோப்பை என்று அறிவித்தார்கள். என்னைப் போலவே நடித்ததற்காக, அதையும் மரியதாசனுக்கே கொடுத்தார்கள்.