செருப்புக் காவல்

இயந்திரவியல் படித்து முடித்த கையோடு ஈப்போவிலிருந்து பெங்களூருக்கு வந்தேன். ஈஜிபுராவில் சக்கர நாற்காலிகளைப் பழுதுபார்க்கும் ஒரு சிறிய கூடத்தில் சில மாதம் தன்னார்வலராக வேலை செய்தேன். என் பக்கத்து மேசை ஓர் அக்காவுடையது. சிறுவயதிலிருந்தே நடக்க இயலாதவர். அவரும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்துதான் வேலை பார்த்தார். என் பெயர் அவருக்கு வாயில் நுழையவில்லை. ‘மலேசியா’ என்றே கூப்பிட்டார்.

தலக்காட்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் உள்ள எல்லோரும் போவதாக முடிவானது. காவிரிக் கரையில் மணல் மூடிப்போய், பிறகு தோண்டி எடுத்த பழைய கோயில்கள் அங்கே இருக்கின்றன. வழக்கம்போல் நான் பட்டியல் போட்டேன்: வேன், சாப்பாடு, தண்ணீர், தொப்பி. அக்கா எட்டிப் பார்த்தார்.

“செருப்பு, பையெல்லாம் யாரு பாத்துக்கறதுன்னு போடலியே.”

“அதுக்கு ஒரு ஆள் வேணுமாக்கா?”

“நான்தான் அந்த ஆளு. தர்மஸ்தலா, ஹளேபீடு, மேல்மலையனூரு, எல்லா ஊரு பார்க்கிங்கும் பாத்தாச்சு. எங்க டீ நல்லாருக்கும்னு கேளு, சொல்றேன்.”

சிரித்தோம். அவரும் சிரித்தார். பிறகு கையிலிருந்த போல்ட்டை முறுக்கிக்கொண்டே, “இந்த வாட்டி உள்ள போவணும்,” என்றார்.

நாற்காலி மணலில் போகுமா என்று மறுநாளே சோதித்துப் பார்த்தோம். தெருமுனையில் கட்டிக்கொண்டிருந்த வீட்டின் முன் மணல் கொட்டியிருந்தது. டயர்களில் காற்றைக் குறைத்து அக்காவைத் தள்ளினேன். நாற்காலி சமர்த்தாக ஏறியது. மேஸ்திரி வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். எனக்குத் திருப்தியாக இருந்தது.

தலக்காட்டில் நாற்காலி நாலைந்து அடி போய் நின்றுவிட்டது. முன்னால் இருந்த சின்னச் சக்கரங்கள் புதைந்துவிட்டன. அப்போதுதான் உறைத்தது. தெருவில் கிடந்தது கல்லை உடைத்துச் செய்த எம்-சாண்ட். சொரசொரப்பாக இறுகி நிற்கும். இங்கே இருந்தது ஆற்று மணல். பொலபொலவென்று விலகியது.

“தூக்கிட்டுப் போயிரலாமே,” என்றார் மல்லேஸ்வரத்திலிருந்து கூடத்துக்கு உதவ வரும் கல்லூரி ஆசிரியர்.

“நான் என்ன மூட்டையா சார்? கைய எடுங்க.” பிறகு அக்கா கையை நீட்டினார். “சரி, பையெல்லாம் குடுத்துட்டுப் போங்க. பாத்துக்கறேன்.”

பழகிப்போன கை அது. எல்லாப் பைகளையும் வாங்கிக்கொள்ளத் தோதாக வளைந்திருந்தது.

“ஒரு நிமிஷம்க்கா,” என்றேன். தள்ளத் தள்ள எடை சின்னச் சக்கரத்தில் இறங்குகிறது. திருப்பி வைத்து இழுத்தால் பெரிய சக்கரம் முதலில் போகும். சின்னது சும்மா பின்தொடரும். நானும் ஆசிரியரும் ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்து இழுத்தோம். நகர்ந்தது.

“பின்னாடியே போறனே, எங்க போறேன்னு எனக்கே தெரியலியே.”

“என்ன தெரியுதுக்கா?”

“வேனு. பார்க்கிங்கு.” கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். “சின்னதாயிக்கினே போவுது.”

கோயில் பள்ளத்துக்குள் இருந்தது. அக்கா நாற்காலியிலிருந்து இறங்கி மேல்படியில் உட்கார்ந்தார். கைகளை ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினார். மற்றவர்கள் முன்னும் பின்னுமாகப் போனார்கள். நாற்காலியையும் செருப்புக் குவியலையும் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டியிருந்தது. அக்கா யாரையும் கேட்கவில்லை. தன் பையை என் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார்.

“மலேசியா, நீ இரு. கொரங்கு வந்தா பைய உட்டுட்டு ஓடிரு.”

அங்கிருந்து கோயிலின் கூரை மட்டும்தான் தெரிந்தது. கீழே அக்கா யாரிடமோ கன்னடத்தில் கேள்வி மேல் கேள்வி கேட்பதும், பதிலுக்கு எல்லோரும் சிரிப்பதும் கேட்டன. எனக்குக் கன்னடம் தெரியாது. வெயில் ஏறியது. எழுந்து போகவும் முடியாது. சலிப்பான வேலைதான்.

வெகுநேரம் கழித்து மேலே வந்தார். புடவையெல்லாம் மணல், உள்ளங்கை சிவந்திருந்தது.

“எப்படிக்கா இருந்துச்சு?”

“அதெல்லாம் சொல்ல மாட்டேன். நீ ஒரு நாளு போயி பாத்துக்கோ.” நாற்காலியில் ஏறி உட்கார்ந்து மூச்சு வாங்கினார். “இங்க டீ எங்க நல்லாருக்கும்? அத நீ சொல்லு.”

பக்கத்திலிருந்த பூக்காரம்மாவிடம் சைகையிலேயே கேட்டு வைத்திருந்தேன். சொன்னேன்.