ராஜமணி பாஸ் பாதியில் விட்டுப்போன தரை

ராஜமணி பாஸ் போய்விட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம். சொந்த வீட்டு ஹாலில் டைல்ஸ் இடுக்கை அடைக்கிற க்ரவுட் சாந்து போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

நேற்று அடக்கம். இன்றைக்குத்தான் போனைக் கையில் எடுக்கிறேன். அழுகையைவிடக் கோபம்தான் வருகிறது. வருகிறபடியே எழுதுகிறேன்.

ஹட்டன், கொட்டகலைப் பக்கம் புது வீடு கட்டியவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். டைல்ஸ் பாஸ், மேஸ்திரி. அவர் பதிப்பார், நான் வெட்டிக் கொடுப்பேன். டைல்ஸுக்கு நடுவில் க்ரவுட் அடைப்பதும் துடைப்பதும் இரண்டு பேரும் சேர்ந்து. சண்டை எல்லாம் அங்கேதான்.

க்ரவுட் அடைத்ததும் டைல்ஸ் மேலே ஒட்டியிருப்பதைத் துடைக்க வேண்டும். அவசரப்பட்டால் நடுவில் அடைத்ததும் சேர்ந்து வந்துவிடும். விட்டுவிட்டால் வெள்ளைப் படலமாகக் காய்ந்து நிற்கும். நம்ம ஊர் மிஸ்டுக்கும் பனி ஈரத்துக்கும் பாக்கெட்டில் போட்டிருக்கிற நேரம் எல்லாம் சரிவராது.

இவ்வளவு கவனமான வேலைக்கு மனிதர் எதை எடுத்து வருவார் தெரியுமா... பழைய மெத்தையை வெட்டின துண்டு.

"ஸ்பாஞ்ச் வாங்குவோம் பாஸ்" என்றால், "மெத்த நல்லா தண்ணி குடிக்கும்டா சிவா" என்பார்.

"குடிச்சா மட்டும் போதுமா பாஸ், பிழிஞ்சா விடணுமில்ல?"

விடாது. ஈரம் சொட்டச் சொட்டத் துடைத்து க்ரவுட் நிறம் வெளுத்துப்போகும். பூண்டுலோயாவில் ஒரு கடைக்குக் கறுப்பு க்ரவுட் போட்டோம். காய்ந்த பிறகு பார்த்தால் கோடு முழுக்க மஞ்சள் மஞ்சளாக மெத்தைத் துணுக்கு. இரண்டு பேரும் முட்டி போட்டு ஊசியால் கிளறி எடுத்தோம். முதலாளி பார்த்துக்கொண்டே டீ குடித்தார்.

அந்தக் கோபத்தில்தான் ஹட்டன் டவுனுக்குப் போய், மேலே உருளை வைத்த வாளியும் மூலை மழுங்கின தடித்த ஸ்பாஞ்சும் வாங்கி வந்தேன். ஸ்பாஞ்சை உருளையில் ஒருமுறை இழுத்தால் போதும், தண்ணீர் வடிந்து பதமான ஈரம் மட்டும் நிற்கும்.

"வாளிக்கு சக்கரமா... பேரு வச்சி ஸ்கூலுக்கு அனுப்பு" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். பிறகு அந்த வாளியை என்னையே தொட விடவில்லை.

இன்னொன்று. யூடியூப்பில் பார்த்து, ஆவி அடித்து க்ரவுட் சுத்தம் செய்கிற மெஷின் ஒன்றை எங்கிருந்தோ இரவல் வாங்கி வந்தார். நுவரெலியாவில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் பாத்ரூம். ப்ளக்கில் சொருகினார், மெயின் விழுந்தது, வீடே இருட்டு. மாடியில் சுடுதண்ணீரில் குளித்துக்கொண்டிருந்த ஒருவர் டவலோடு இறங்கி வந்து சிங்களத்தில் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது.

"கரண்டு சரியில்ல" என்றார் பாஸ். மெஷினைக் குறை சொல்லவே மாட்டார்.

இப்படிப்பட்ட மனிதர், ஊருக்கெல்லாம் பதித்துவிட்டுக் கடைசியில்தான் தன் வீட்டு ஹாலுக்கு டைல்ஸ் பதித்தார். வெள்ளை டைல்ஸ். ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து க்ரவுட் போடுவோம் என்று சொல்லியிருந்தார். நான் வட்டவளையில் ஒரு வேலையை முடித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலைக்கென்று கெஞ்சி வாங்கிப்போன வாளியும் என்னிடம்.

பாஸுக்குப் பொறுக்கவில்லை. திங்கட்கிழமை கொழும்பிலிருந்து மகள் வருகிறாள், அதற்குள் பளபளவென்று காட்ட வேண்டுமாம். போனில் எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. மறுபடியும் அதே மெத்தைத் துண்டு...

ஜன்னல் பக்கம் துடைத்திருந்தார். வாசல் பக்கம் அப்படியே காய்ந்துவிட்டது. அதன் மேல்தான் சவப்பெட்டியை வைத்தார்கள்.

வந்தவர்கள் அழுதார்கள், உட்கார்ந்தார்கள், பிறகு குனிந்து தரையைப் பார்த்தார்கள். "டைல்ஸ் பாஸ்னு பேரு. சொந்த வீட்டு தரைய பாருங்க, மாவு கொட்டுன மாதிரி கெடக்கு" என்று சொந்தக்காரர் ஒருவர், எனக்குக் கேட்கும்படியே சொன்னார்.

எனக்குப் பற்றி எரிந்தது. எத்தனை வீட்டுத் தரையில் அந்த மனிதர் முகம் தெரியுமளவுக்குத் துடைத்திருப்பார். கடைசியாக ஊரே வந்து பார்ப்பது இதையா...

உடனே வாளியைக் கொண்டுவந்தேன். பெரியவர் ஒருவர் தடுத்துவிட்டார். "பொட்டி இருக்க வீட்ல கூட்டக் கூடாது, தொடைக்கக் கூடாது தம்பி."

தெரியும். தெரிந்தும், வாசல் பக்கம் மட்டும் என்று கேட்டுப் பார்த்தேன். பெட்டி எடுக்கும்வரை அந்தப் படலத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு ஆளும் உள்ளே வரும்போது அவர்கள் கண் எங்கே போகிறது என்றுதான் பார்த்தேன்.

பெட்டி போனதும் பெண்கள் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவினார்கள். அதற்கெல்லாம் அந்தப் படலம் போகாது.

அடக்கம் முடிந்து குளித்துவிட்டு நேராக அங்கேதான் போனேன். முதலில் க்ரவுட் கோடுகளை நனைத்தேன், இல்லாவிட்டால் படலத்தைக் கரைக்கிற ஆசிட் க்ளீனர் அதையும் தின்றுவிடும். க்ளீனரில் நிறையத் தண்ணீர் கலந்து, மூலையில் ஒரு டைல்ஸில் போட்டுப் பார்த்து, நைலோன் பேடால் மெதுவாகத் தேய்த்தேன். பிறகு ஸ்பாஞ்ச், ஒரு பக்கத்துக்கு ஒரே இழுப்பு. தண்ணீர் மாற்றி மாற்றி முட்டி விட்டுப்போனது.

அவருடைய மனைவி சரோஜா அக்கா உள்வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

பாதித் தரை ஆனபோது சொன்னார். "கோட்டு வாக்குல தொடைக்காதீங்க தம்பி, குறுக்கால தொடைங்க... அவரு கத்துவாரு."

சரிக்கா என்றேன். ஸ்பாஞ்சைத் திருப்பிக் குறுக்கே இழுத்தேன்.

முடிந்துவிட்டது. கருமாதிக்கு வருகிறவர்கள், முக்கியமாக அந்தச் சொந்தக்காரர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து தரையைப் பாருங்கள். லைட்டைப் போட்டே பாருங்கள். அப்புறம் பேசுங்கள்.

நீங்க தூங்குங்க பாஸ்... வாசப் பக்கமும் தொடச்சாச்சு.