இரண்டும் இடது

என் மகள் எட்டு வயதில் மிக்சியைப் பிரித்தாள். ஒன்பதில் சுவர்க் கடிகாரத்தை. பத்து முடியப் போகிற வருடம் வீட்டில் ஸ்க்ரூ உள்ள எந்தச் சாமானும் அவள் கையிலிருந்து தப்பவில்லை. பிரிப்பதோடு விட்டால் பரவாயில்லை, கேள்வி வேறு கேட்பாள். அந்தக் கேள்விகளை அவள் என்னிடம் கேட்பதில்லை என்பதுதான் என் வயிற்றெரிச்சல். இரண்டிரண்டு படியாகத் தாவி மாடிக்கு ஓடிவிடுவாள்.

மாடியில் என் ஓரகத்தி இருந்தாள், கொழுந்தனாரின் மனைவி. கொழுந்தனாருக்கு ஜோலார்பேட்டையில் ரயில்வே வேலை. அவளோ கம்ப்யூட்டர் படித்தவள். வீட்டிலிருந்தபடியே பெங்களூர் கம்பெனிக்கு வேலை பார்ப்பாள். நான் ஆம்பூர் ஷூ கம்பெனியில் நாள் முழுக்க நின்று, கால் வீங்கி வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது மாடியிலிருந்து இரண்டு பேர் சிரிப்பும் கேட்கும். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் பெரிய பேஜார். கெட்டவளாக இருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மகளின் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது கீழே வந்த ஓரகத்தி சொன்னாள்: "அக்கா, பாப்பாக்கு ஒரு ரோபோ கிட் வாங்கித் தரட்டா? அவளே மாட்டி ஓட்டலாம். நல்லதா ஒண்ணு பார்த்து வெச்சிருக்கேன்."

"உனக்கு எதுக்கும்மா சிரமம்? நானே வாங்கிட்டு வர்றேன்."

"இல்லக்கா, அதுல எது நல்லதுன்னு உங்களுக்கு..."

"ஏன், எனக்குக் கண்ணு இல்லியா?"

அவள் சிரித்துவிட்டுப் போனாள். என் பெண்ணின் முதல் ரோபோவும் அவள் கையிலிருந்தே வந்துவிட்டால் அப்புறம் எனக்கு இந்த வீட்டில் என்ன இருக்கிறது? சோறு போடுகிறவள் என்கிற பேர் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வேலூர் போனேன். கடைக்காரர் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒன்றில் எண்ண முடியாத அளவுக்குச் சின்னச் சின்ன சாமான். ஒன்று தொலைந்தாலும் அழுவாள், வேண்டாம் என்றேன். இரண்டாவதுக்குச் சூட்டுக்கோலால் ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்ட வேண்டுமாம். பத்து வயதுப் பிள்ளை கையிலா? மூன்றாவது, இரண்டு சக்கர வண்டி. இரண்டு மோட்டார், பேட்டரிப் பெட்டி, ஒரு சின்ன போர்டு. ஒயரைச் செருகினால் போதும்.

"பிரிச்சுட்டு திருப்பி மாட்ட முடியுமா? எத்தனை தடவை மாட்டலாம்? பேட்டரி நம்ம ஊர்ல கிடைக்குமா?" என்று குடைந்தேன். வண்டிப் பலகையின் ஓரத்தில் பிசிறு இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவினேன்.

"இன்னா மேடம், டீச்சரா நீங்க?" என்றார் கடைக்காரர். வீடு வரைக்கும் அந்த வார்த்தை இனித்தது.

கம்பெனியில் எனக்குக் கடைசி மேசை. ஜோடி பார்ப்பது என் வேலை. இடதையும் வலதையும் அடியோடு அடி ஒட்டி, உயரம் ஒன்றா, தோல் நிறம் ஒன்றா என்று பார்த்துத்தான் பெட்டியில் விடுவேன். ஒரே பெட்டியில் இரண்டு இடது போய்விட்டால் அதைவிட மானக்கேடு எங்களுக்கு இல்லை. இத்தனை வருடத்தில் என் மேசையிலிருந்து அப்படி ஒன்றுகூடப் போனதில்லை. அதனால் கையில் வந்த எதையும் சோதிக்காமல் அடுத்தவரிடம் தர எனக்கு வராது. பிறந்தநாளுக்கு முந்தின நாள் அவள் டியூஷன் போயிருந்தபோது பெட்டியைத் திறந்தேன். இரண்டு மோட்டாரையும் எடுத்து ஒட்டி வைத்துப் பார்த்தேன். இரண்டுக்கும் சக்கரம் மாட்டுகிற அச்சு ஒரே பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. திருப்பினேன், புரட்டினேன். சந்தேகமே இல்லை. இரண்டும் இடது.

நல்ல வேளை பார்த்தேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. மறுநாள் அரை நாள் லீவு போட்டு மறுபடி வேலூர். கடைக்காரர் இன்னொரு பெட்டியைத் திறந்தார், அதிலும் இரண்டு இடது. அடுத்ததிலும் அப்படியே.

"மொத்த லாட்டும் ரிஜெக்ட்டு சார்," என்றேன்.

பாவம், அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். நான் அந்தப் பணத்துக்குப் பக்கத்துத் துணிக்கடையில் ஒரு கவுன் எடுத்துக்கொண்டு வந்தேன்.

கேக் வெட்டியதும் மகள் கவுன் பையைத் துழாவினாள். "சித்தி சொன்ன கிட் எங்கம்மா?" நடந்ததைச் சொன்னேன். ஓரகத்தி வாயைப் பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை. "அய்யோ அக்கா! மோட்டாருக்கு ஏது லெஃப்ட்டு ரைட்டு? அது இன்னா ஷூவா?"

என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழனிப் பானையில விழுமாம் துள்ளி," என்றார். அதுகூடப் பொறுத்துக்கொண்டேன். மகளும் ஓரகத்தி தோளில் சாய்ந்துகொண்டு சிரித்தாளே, அதுதான் ஆறவில்லை.

இரண்டு நாளில் மாடிக்கு பார்சல் வந்தது. நான் திருப்பிக் கொடுத்த அதே ரகப் பெட்டி, ஓரகத்தி வரவழைத்தது.

சனிக்கிழமை சித்தியும் மகளும் உட்கார்ந்து மாட்டினார்கள். மோட்டார் சத்தம் கேட்டது. அப்புறம், "சித்தி, நேரா போவல, சுத்துது!" என்று மகளின் குரல். துணி காயப்போட வாளியோடு படியேறிய நான் பாதியில் நின்று எட்டிப் பார்த்தேன். வண்டி நின்ற இடத்திலேயே கிறுகிறுவென்று சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு சக்கரம் முன்னால் போனது, மற்றது பின்னால். பார்த்த உடனே எனக்கு விளங்கிவிட்டது, அதே இரண்டு இடதுதான்.

"ப்ரோகிராம்ல ஏதோ தப்பு," என்று ஓரகத்தி லேப்டாப்பைத் தட்டிக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்தேன். அவள் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன். நிமிர்ந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் வாளியோடு கீழே இறங்கிவிட்டேன். நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டே துணியைக் கீழேயே காயப்போட்டேன். பொய் சொல்வானேன், அன்றைக்குச் சாப்பாடு ருசியாக இருந்தது.

ஞாயிறு காலை முழுக்க மாடியில் சிரிப்பில்லை. பேட்டரி மாற்றினார்கள், ஸ்க்ரூவைக் கழற்றி முடுக்கினார்கள். மத்தியானம் மகள் பெட்டியோடு கீழே வந்தாள். அதைக் கட்டிலுக்கடியில் காலால் தள்ளினாள்.

"எனக்கு இதெல்லாம் வராதும்மா. நான் மக்கு."

சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மிக்சியைப் பிரித்ததற்கு அடி வாங்கியபோதுகூட அழாதவள், அன்று சத்தமில்லாமல் அழுதாள். அடிப்பாவி, ஜெயிக்கிறேன் என்று யாரைத் தோற்கடித்தாய் என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

பெட்டியை வெளியே இழுத்தேன். வாசலிலிருந்து என் இடது கால் செருப்பையும் அவள் இடது கால் செருப்பையும் கொண்டுவந்தேன்.

"எழுந்திரு. ரெண்டும் லெஃப்ட்டு. இதை இந்தப் பக்கம் வெச்சாச்சு. அதை அந்தப் பக்கம் வெக்கணும், வெளி ஓரம்தான் மோட்டார் அச்சுன்னு வெச்சுக்கோ, அது வெளியதான் இருக்கணும். எப்படி வெப்ப?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒன்றைத் திருப்பி வைத்தாள். அதன் முனை பின்பக்கம் பார்த்தது.

"ரெண்டும் முன்னாடி நடந்தா?"

"ஒண்ணு பின்னாடி போவும்," என்றவள் அப்படியே நின்றாள். பிறகு பெட்டிக்குள் பாய்ந்தாள். ஒரு மோட்டாரின் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினாள். அப்படிச் செய்யலாம் என்பது எனக்குத் தெரியாது. வண்டி நேராக ஓடிப் போய் அரிசி டின்னில் இடித்தது.

"எப்பம்மா கண்டுபிடிச்ச?"

"இப்பதான்."

கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "சித்தி! அம்மா கண்டுபிடிச்சிட்டாங்க!" என்று ஊருக்கே கேட்கக் கத்தியபடி என்னை மாடிக்கு இழுத்துப் போனாள். இத்தனை நாள் நான் ஏங்கியது இதற்குத்தான்.

ஓரகத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அன்னிக்கு உங்களைப் பார்த்து சிரிச்சிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. நேத்து படியில நின்னீங்களே, அப்பவே உங்களைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கணும். பாவம், புள்ள ரெண்டு நாளா தவிச்சுப் போச்சு." அவள் முகத்தில் துளி கள்ளமில்லை.

மகள் என் கையை விட்டாள். "நேத்தே பார்த்தியாம்மா?"

"அடுப்புல குழம்பு இருக்கு, தீய்ஞ்சிடும்," என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.